கொடிவழியும் காது கேளாமையும்



1995ஆம் ஆண்டில் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அரியலூர் அப்போது பெரம்பலூரோடுதான் இருந்தது. அதே 1995இல் அறிவியல் உலகில் வேறொரு செய்தியும் வெளிவந்தது. நம் ஊர்ச் செய்தித்தாள்கள் அதைக் கவனிக்கவில்லை. பிறவியிலேயே காது கேளாமையை உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்று 14ஆம் குரோமோசோமிலும், இன்னொன்று 3ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன என்று இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் அறிவித்தன. டி.எஃப்.என்.பி.5, டி.எஃப்.என்.பி.6 என்று அந்த இடங்களுக்குப் பெயரிட்டார்கள். கட்டுரைகளை எழுதியவர்களில் ஜப்பானியரான ஃபுகுஷிமா, அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்மித், பெல்ஜியத்தின் கை வான் கேம்ப் ஆகியோரோடு சென்னையிலிருந்து அரபண்டி ரமேஷும் சி.ஆர். ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியும் இருந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு இரத்தம் கொடுத்தவர்கள் நம் நாட்டுக் குடும்பங்கள். சொந்தத்துக்குள் பெண் எடுத்து, பெண் கொடுத்து, காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், சென்னை வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தை வைத்து 7ஆம் குரோமோசோமில் இன்னோர் இடத்தைக் கண்டார்கள். அது டி.எஃப்.என்.பி.17. மரபுவழிக் காது கேளாமையின் இடங்களைப் பட்டியலிடும் நூல்களில் இந்த எண்கள் இருக்கும். அவற்றின் பின்னால் இருக்கும் அம்மாக்களையும் பாட்டிகளையும் நமக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்ததன் பயன் அவர்கள் வாழும் மண்ணுக்கு எந்த அளவு திரும்பி வந்திருக்கிறது என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன்.

நான் காது மருத்துவன் அல்லன். இந்தப் பகுதியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மரபியல் செய்முறை வகுப்பில் மாணவர்களைத் தங்கள் குடும்பத்தின் கொடிவழியை மூன்று தலைமுறைக்கு வரையச் சொல்வது வழக்கம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணமானவர்களுக்கு நடுவே ஒரு கோடு. மணமக்கள் இரத்த உறவினராக இருந்தால் அந்தக் கோடு இரட்டைக் கோடு. எங்கள் வகுப்பில் இரட்டைக் கோடு இல்லாத தாளைப் பார்ப்பது அரிது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கோடுகள் பின்னிக்கொண்டு போகும். சில தாள்களில் ஒரு தலைமுறையில் இரண்டு வட்டங்களையோ மூன்று சதுரங்களையோ மாணவர் கறுப்பாக நிரப்பி வைத்திருப்பார். ‘என்னம்மா?’ என்று கேட்டால், ‘எங்க பெரியப்பா பிள்ளைங்க சார், பேச்சு வராது’ என்பார்கள். பேச்சு வராததற்குக் காரணம் காது கேளாமை என்பது பல வீடுகளில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019–21இல் நடந்தது. தமிழ்நாட்டில் திருமணங்களில் ஏறக்குறைய 28 விழுக்காடு இரத்த உறவுக்குள் நடந்தவை என்று அது காட்டியது. இந்தியா முழுவதற்கும் அந்த அளவு 11 விழுக்காட்டை ஒட்டியது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது, காணி பிரியக் கூடாது, போன இடத்தில் பெண் அந்நியப்படக் கூடாது என்ற எண்ணங்கள் இந்த வழக்கத்துக்குள் இருக்கின்றன. அவற்றை நான் இழிவாகப் பேச மாட்டேன். மாமன் வீட்டுக்கு மருமகளாய்ப் போன பெண்ணுக்குக் கிடைத்த பரிவை நான் நேரில் பார்த்தவன். ஆனால் கணக்கைச் சொல்லாமல் விடவும் முடியாது.

கணக்கு இதுதான். நம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிறவிக் காது கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருகிறது. அதிலும் பெரும்பகுதி ஒடுங்கு வகை. அதாவது இரண்டு படிகளும் பழுதானால்தான் காது கேட்காது. ஒரு படி மட்டும் பழுதானவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் அந்தப் பழுதைச் சுமப்பவர், அவ்வளவே. ஒருவர் இப்படிச் சுமப்பவராக இருந்தால் அவருடைய அக்கா மகளும் அதையே சுமப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அவர்கள் இருவரும் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காது கேளாமை வருவதற்கான வாய்ப்பு 16இல் ஒன்று. மாமன் மகளாக இருந்தால் 32இல் ஒன்று. உறவே இல்லாத பெண்ணை அவர் மணக்கிறார், ஊரில் 50 பேரில் ஒருவர் அந்தப் பழுதைச் சுமக்கிறார் என்று வைத்துக்கொண்டால் வாய்ப்பு 200இல் ஒன்று. இந்த மூன்று எண்களையும் மணப்பேச்சு தொடங்குகிற வீட்டில் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். முடிவை அந்தக் குடும்பமே எடுக்கும்.

விஞ்ஞானிகள் இங்கே ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் இரண்டு படிகளும் ஒரே கொள்ளுத்தாத்தாவிடமிருந்து வந்திருந்தால், பழுதான மரபணுவைச் சுற்றியுள்ள நீண்ட பகுதி இரண்டு படிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அப்படி ஒத்துப்போகும் பகுதியைத் தேடினால் மரபணு இருக்கும் இடம் அகப்பட்டுவிடும் என்று 1987இல் லாண்டரும் பாட்ஸ்டைனும் காட்டினார்கள். பெரிய குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் தேவையில்லை. உறவில் மணந்த சில குடும்பங்களே போதும். முதல் ஒடுங்கு வகை இடமான டி.எஃப்.என்.பி.1 இந்த வழியில்தான் 1994இல் துனீசியக் குடும்பங்களில் கிடைத்தது. அடுத்து வந்தவற்றில் சில நம் குடும்பங்களிடமிருந்து கிடைத்தன. இந்த நோயை நம்மிடையே கூட்டுகிற வழக்கமே நோயின் வேரைக் காட்டிக் கொடுக்கவும் உதவியது.

3ஆம் குரோமோசோமில் கண்ட அந்த இடத்தில் இருந்தது எது என்பது 2002இல் தெரிந்தது. டி.எம்.ஐ.ஈ. என்ற மரபணு அது. அது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் காதுக்குள் போக வேண்டும்.

செவிப்பறையில் பட்ட ஒலி மூன்று சின்ன எலும்புகள் வழியாக உள்காதுக்குப் போகிறது. அங்கே காக்ளியா என்ற நத்தைச் சுருளில் நீர் இருக்கிறது. அந்த நீரில் எழும் அலை மயிர்ச்செல்களின் தலையில் உள்ள நுண்ணிய மயிர்க்கற்றைகளைச் சாய்க்கிறது. கற்றையில் ஒரு மயிரின் நுனியையும் அடுத்ததன் பக்கவாட்டையும் ஒரு மெல்லிய புரத இழை இணைத்திருக்கிறது. மயிர் சாயும்போது இழை இழுபட்டு, செல்லின் வாயில் திறந்து, பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அங்கிருந்து மின்குறிப்பு நரம்புக்குப் போகிறது. டி.எம்.ஐ.ஈ. புரதம் அந்த வாயிலமைப்பின் ஒரு பகுதி. இழையை ஆக்கும் புரதங்களில் ஒன்று கேட்ஹெரின் 23. உள்ளே வந்த பொட்டாசியம் வெளியேறி மீண்டும் சுற்றுக்குப் போவதற்கு அண்டைச் செல்களுக்கிடையே துளைகள் வேண்டும். அந்தத் துளைகளைக் கட்டும் புரதம் கனெக்சின் 26. இவற்றில் எது பழுதானாலும் குழந்தைக்குக் காது கேட்காது. வெளியே பார்த்தால் காது அழகாக, குறையேதும் இல்லாமல் இருக்கும். ஒவ்வொரு காதிலும் உட்புற வரிசையில் சுமார் 3,500 மயிர்ச்செல்கள், வெளிப்புற வரிசைகளில் சுமார் 12,000. போனால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கின்றன. 1980களில் இதைக் கண்டபோது ஆய்வுலகில் எழுந்த நம்பிக்கை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

உள்காதைப் பற்றிப் பேசும்போது அரியலூர்க்காரர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. உங்கள் மண்ணின் அடியில் இருப்பது கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட். நம் உள்காதில் உடலின் நிலையை உணரும் பைகளிலும் அதே கால்சியம் கார்பனேட் படிகங்கள் மணல்போல் அமர்ந்திருக்கின்றன. வயதானால் சிலருக்கு அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். படுக்கையில் புரண்டால் உலகமே சுழலும். பலர் பயந்து தலைக்கு ஸ்கேன் எடுத்து, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்தால் சில நிமிடங்களில் அந்தத் துகள் தன் இடத்துக்குத் திரும்பும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பயன்படும் என்பதால் சொன்னேன்.

கனெக்சின் 26க்கு வருகிறேன். ஜி.ஜே.பி.2 என்ற மரபணு அதன் செய்முறைக் குறிப்பு. இந்த மரபணு காது கேளாமைக்குக் காரணம் என்று 1997இல் தெரிந்தபின் நாட்டுக்கு நாடு தேடினார்கள். ஐரோப்பியரிடம் ஒரு பிழை மிகுதி, கிழக்காசியரிடம் வேறொன்று, யூதர்களில் ஒரு பிரிவினரிடம் மற்றொன்று. நம் நாட்டில் மிகுதியாகக் கிடைத்தது டபிள்யூ24எக்ஸ். புரதத்தின் 24ஆவது இடத்தில் டிரிப்டோஃபான் வர வேண்டியபோது, ‘நிறுத்து’ என்ற கட்டளை வந்துவிடுகிறது. புரதம் பாதியில் நிற்கிறது. 2003இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர், இந்தப் பிழை இந்தியாவில் பழைய முன்னோர் ஒருவரிடம் தோன்றிப் பரவியது என்பதற்கான சான்றுகளைக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஸ்லோவாக்கியாவில் ரோமா மக்களிடையே, காது கேளாதவர்களிடம், அதே பிழை மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போனவர்கள் என்று மொழியியலார் சொன்ன மக்கள் அவர்கள். கூடாரத்தோடும் குதிரையோடும் ஐரோப்பா வரை போனவர்களோடு இந்த ஓர் எழுத்துப் பிழையும் போயிருக்கிறது.

இனி இன்றைய பேச்சின் மையமான ஆய்வுக்கு வருகிறேன். ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரால் அமைந்த அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தின் மரபியல் துறையில் பணிபுரிந்தவர். 1990களில் உலகக் குழுக்களோடு சேர்ந்து மரபணு இடங்களைத் தேடியவர், பிற்காலத்தில் தம் மாணவர்களோடு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். காது கேளாதவரைக் காது கேளாதவரே மணக்கும் குடும்பங்களில் என்ன நடக்கிறது?

இது நம் காலத்தின் கேள்வி. காது கேளாதோர் பள்ளிகள் வந்தபின், ஒரே பள்ளியில் ஒரே சைகைமொழியில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் விரும்பி மணப்பது இயல்பாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் எழுந்தது. அதற்குமுன் தென் தமிழ்நாட்டில் ஒரு காது கேளாத பெண், தன்னைப்போன்ற இன்னொருவரை வாழ்நாளில் சந்திக்காமலே போயிருக்கக் கூடும். பள்ளி அவர்களுக்குப் படிப்பைத் தந்தது, நண்பர்களைத் தந்தது, துணையையும் தந்தது.

இந்த மணங்களைப் பார்த்து அஞ்சியவர்களில் ஒருவர் டெலிஃபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். அவருடைய தாயும் காது கேளாதவர், மனைவியும் காது கேளாதவர். ஆனாலும் 1883இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் அவர் ஓர் அறிக்கை வாசித்தார். இப்படியே போனால் காது கேளாத ஒரு தனி மனித இனமே உருவாகிவிடும். ஆகவே அவர்களைத் தனிப் பள்ளிகளில் சேர்த்து வைக்காதீர்கள், சைகைமொழியை விடுங்கள் என்பது அதன் சாரம். 15 ஆண்டுகள் கழித்து, 1898இல், எட்வர்ட் ஆலன் ஃபே 4,000க்கும் மேற்பட்ட மணங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். பிள்ளைகள் விவரம் தெரிந்த குடும்பங்களில் காது கேளாத பிள்ளை பிறந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெல்லின் அச்சத்துக்குக் கணக்கு துணை நிற்கவில்லை. ஆனாலும் அந்த அச்சத்தால் உலகெங்கும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வகுப்பறையில் கைகளைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பெல் எங்கே தவறினார் என்பதை இன்றைய மரபியல் தெளிவாகச் சொல்கிறது. காது கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். கணவருக்குக் கனெக்சின் 26 பழுது, மனைவிக்குக் கேட்ஹெரின் 23 பழுது என்றால் பிறக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் காது கேட்கும். இரண்டிலும் ஒரு நல்ல படி அவர்களிடம் இருக்கும். இருவருக்கும் கனெக்சினே பழுது என்றால் பிள்ளைகள் அனைவருக்கும் கேட்காது. மனைவி கருவிலிருந்தபோது அவருடைய தாய்க்கு ரூபெல்லா வந்ததால் காது போயிருந்தால் அது மரபில் இறங்கவே இறங்காது. வெளியே பார்த்தால் மூன்று தம்பதியரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். ஆகவே சோதனை செய்யாமல் யாரும் யாருக்கும் ஆரூடம் சொல்லக் கூடாது.

அமெரிக்காவின் வால்டர் நான்ஸ் 2004இல் ஒரு கருத்தை முன்வைத்தார். காது கேளாதோர் தமக்குள் மணப்பதாலும் அவர்கள் வாழ்க்கை வசதி உயர்ந்ததாலும் கடந்த இருநூறு ஆண்டுகளில் அங்கே கனெக்சின் வகைக் காது கேளாமை பெருகியிருக்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. நம்மிடம் நிலைமை இன்னும் சிக்கலானது. இங்கே இரத்த உறவு மணமும் உண்டு, காது கேளாதோர் தமக்குள் மணப்பதும் உண்டு. சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்தே உண்டு. ஸ்ரீகுமாரியின் குழுவினர் இத்தகைய தென்னிந்தியக் குடும்பங்களைத் தேடிச் சேர்த்துக் கொடிவழி வரைந்து இரத்தம் எடுத்து ஆராய்ந்தார்கள். 2018இல் வந்த கட்டுரைகளில் ஒன்று கனெக்சின் பற்றியது. இன்னொன்று கேட்ஹெரின் 23 பற்றியது. கனெக்சின் பிழைகளில் முன்னே நின்றது டபிள்யூ24எக்ஸ்தான். இந்த வேலையின் அருமையை ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சைகைமொழியில் பேசும் கணவன் மனைவியிடம் உட்கார்ந்து, அவர்கள் தாத்தா பாட்டி வரை கேட்டு, எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று விளங்கவைத்து, அவர்கள் சம்மதம் பெறுவது எளிதன்று. எந்த இயந்திரமும் இதைச் செய்து தராது.

இவ்வளவு அறிவு சேர்ந்தும் பெரம்பலூரில் வேப்பந்தட்டைப் பக்கத்திலோ, அரியலூரில் செந்துறை, ஆண்டிமடம் பக்கத்திலோ ஒரு வீட்டில் முதல் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் என்ன நடக்கிறது? ‘இரண்டாவதும் இப்படிப் பிறக்குமா?’ என்று அந்தத் தாய் கேட்கிறாள். சாமி குற்றம் என்று ஒருவர் சொல்வார். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாய் என்று இன்னொருவர் சொல்வார். பழி அவள் தலையில் விழும். ஒடுங்கு மரபில் தாயும் தந்தையும் சமமாகத்தான் அந்தப் படியைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் அவள் வாழ்க்கையையே மாற்றும். அதைச் சொல்லவேண்டிய மரபியல் ஆலோசகர் மாவட்ட அளவில் கிடைப்பது அரிது. அடுத்த மகப்பேற்றுக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அவளிடம் அதைச் சொல்வாரில்லை. இந்த இடைவெளிதான் என்னை இங்கே வரவழைத்தது.

குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. முதல் சோதனை எளியது. 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர், நலமான காது ஒலியைக் கேட்பதோடு மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியிடவும் செய்கிறது என்று கண்டார். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையை வைத்தால் அந்த எதிரொலி வருகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வராவிட்டால் அடுத்தது பெரா சோதனை. மூளைத்தண்டு வரை குறிப்பு போகிறதா என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து பஸ் மாறி நகரத்துக்குப் போன குழந்தை பஸ்ஸில் தூங்கிவிட்டு, மருத்துவமனையில் விழித்துக்கொண்டு வீறிடும். ‘இன்னொரு நாள் வாங்க’ என்பார்கள். அன்றைய கூலி போயிற்று. அந்த இன்னொரு நாள் பல குடும்பங்களுக்கு வருவதே இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா ராம்குமார், ரூபா நாகராஜன் ஆகியோர் செய்த வேலை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகக் குழந்தைகளின் காதைச் சோதிக்க வைத்தார்கள். சந்தேகம் வந்த குழந்தைக்கு ஊரிலேயே மின்முனைகளைப் பொருத்தி, இணையம் வழியாகச் சென்னையில் இருக்கும் கேட்பியல் வல்லுநர் அந்த நேரத்திலேயே பெரா சோதனையை நடத்தினார். குழந்தை தன் ஊரில், தன் தாய் மடியில் தூங்குகிறது. வல்லுநர்தான் தொலைவில் இருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து இது நம் இரு மாவட்டங்களுக்கும் அளந்து தைத்தது போன்ற முறை என்றே நினைக்கிறேன். சிறுவாச்சூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் சோதனைப் பட்டியலில் பிறவிக் காது கேளாமையும் உண்டு. ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் ஆறு வயது என்பது மிகத் தாமதம். அனு சர்மாவும் உடனாய்ந்தோரும் 2002இல் காட்டியபடி, மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளின் மூளை ஒலியை ஏற்கும் விதம் இயல்பை நெருங்குகிறது. ஏழு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. இந்தக் கல்லூரிகளையும் திட்டங்களையும் குழந்தையோடு இணைப்பது அந்த முதல் ஆறு மாதத்தில்தான் நிகழ வேண்டும். கருவி வரும் வரையிலும், கருவி வந்த பிறகும், குழந்தைக்குச் சைகைமொழியைக் கொடுங்கள் என்பேன். மொழி எதுவானாலும் மூளைக்கு உணவு அதுவே.

மரபணுவுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ரூபா போன்றோர் 1990களின் இறுதியில் ஊரகக் குழந்தைகளின் சீழ் வடியும் காதைப் பற்றி எழுதினார்கள். நோய் எத்தனை பேருக்கு என்பதோடு, வீட்டில் காதுக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நமக்குத் தெரியாததா? காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால், இலைச் சாறு. குளிப்பாட்டிவிட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் ஊதுவது. கொண்டை ஊசியால் குடைவது. செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் இவை அனைத்தும் கேடு. சீழ் வடிந்தால் காதை உலர்வாக வைத்து மருத்துவரிடம் போக வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதை எதிர்த்து அந்நாளில் வாட்ஸ்அப்பில் பரவிய புரளிகளை நினைத்துப் பாருங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் காதைக் காக்கும் ஊசி அது.

சுண்ணாம்புச் சுரங்கம், சிமென்ட் ஆலை, கல் உடைக்கும் கிரஷர் ஆகியவற்றில் வேலை செய்யும் நம் ஆட்களின் காதும் இங்கே பேசப்பட வேண்டியது. இரைச்சலால் வரும் காது கேளாமை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. அது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தாக்குகிறது. பேச்சு இன்னும் கேட்பதால் தொழிலாளிக்குத் தெரியாது. ஆண்டுக்கொருமுறை கேட்புச் சோதனை எடுத்து, அந்தத் தாளை அவர் கையிலும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும்.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் கல்லூரிகள் இரண்டும் சேர்ந்து, இவ்விரு மாவட்டங்களிலும் காது கேளாத பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் கொடிவழியை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் வெளியே போகாமல், வரைந்து வையுங்கள். இரத்தப் பரிசோதனை சென்னையில் நடக்கட்டும். முடிவு வந்ததும் யார் இரத்தம் கொடுத்தாரோ அவர் வீட்டுக்குப் போய், அவர் மொழியில், அவர் கேள்விகள் தீரும் வரை உட்கார்ந்து சொல்லுங்கள். காது கேளாத தம்பதியர் என்றால் சைகைமொழி தெரிந்தவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடமும் ஒரு வேண்டுகோள். இன்று காது கேளாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்; இந்த அரங்கில் காது கேளாதவர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் சொற்பொழிவு எந்தப் பொருளைப் பற்றியதாக இருந்தாலும் மேடையில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். அவருக்கான ஊதியத்துக்காக, எனக்கு இன்று நீங்கள் அளிக்கும் மதிப்பூதியத்தை அறக்கட்டளையின் கணக்கிலேயே திரும்ப வரவு வைத்துக்கொள்ளுங்கள்.